அசையாத கம்பு

ஆனந்தவள்ளிக்கு ஏற்றம் பயமில்லை, இறக்கம்தான் பயம். வலது முட்டி இரண்டு வருஷமாகச் சரியில்லை. பொன்மலையில் நடைக்குழு நடத்தும் பானுப்ரியா கறாராகச் சொல்லியிருந்தாள்: பச்சமலையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்கிக் காட்டினால்தான் மூணாறு மலைப் பயணத்துக்குப் பெயர் சேர்ப்பாளாம். அன்றிலிருந்து ஆனந்தவள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமைக்கும்போதுகூட அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மகள் இரண்டு ஜோடி நடைக்கம்பு வாங்கி அனுப்பினாள். ஒன்றுக்குள் ஒன்று சொருகிய குழாய்கள்; வேண்டிய நீளத்துக்கு இழுத்து கிளிப்பை அழுத்த வேண்டும். முதல் நாளே ஒரு கிளிப் வழுக்கி, கம்பு இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. கிளிப்பில் இருந்த சின்ன திருகைக் கொஞ்சம் முறுக்கியிருந்தால் போதும். ஆனால் அவள் கணவர் வீரமலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வழுக்குகிற சாமானை நம்பி மலை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு, நான்கு கம்பிலும் துளை போட்டு போல்ட் மாட்டிவிட்டார். அவளுடையது அவள் முழங்கை உயரத்துக்கு, அவருடையது அவர் முழங்கை உயரத்துக்கு. அவர் அவளைவிட அரையடி உயரம்.

ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது ஒரு குறையும் இல்லை. வலது காலோடு இடது கம்பு, இடது காலோடு வலது கம்பு. பானுப்ரியாவே பாராட்டினாள். உச்சியில் எலுமிச்சை சாதத்தை வாயில் வைத்தபோதும் ஆனந்தவள்ளியின் கண் இறங்கும் பாதையிலேயே இருந்தது.

கிளம்பும்போது பானுப்ரியா, இறக்கத்துக்கு நீளம் வேண்டும், எல்லாரும் கம்பை நாலு விரல் நீட்டிக்கொள்ளுங்கள் என்றாள். சுற்றிலும் கிளிப்புகள் டக் டக்கென்று திறந்தன. வீரமலை குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"ஏங்க, நீட்டிக் குடுங்க."

"முடியாது. போல்ட் முனையத் தட்டி விட்டுருக்கேன். நட்டு கழலாது."

"ரயில் பெட்டிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்க."

அவள் இறங்கிப் பார்த்தாள். குட்டைக் கம்பு கீழே எட்டுவதற்காக உடம்பு முன்னால் சாய்ந்தது, முட்டியில் சுருக்கென்றது. கை தானாகப் பக்கத்துப் பாறையைத் தேடியது. பின்னால் பானுப்ரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது அடியில் ஆனந்தவள்ளி திரும்பினாள்.

"உங்க கம்பக் குடுங்க."

"அப்ப எனக்கு?"

"இது இருக்குல்ல."

"இது எனக்கு இடுப்புக்கே வராது வள்ளி. எல்லாரும் பாக்குறாங்க."

"நான் விழுந்தாலும் எல்லாரும்தான் பாப்பாங்க."

அவர் கொடுத்தார். அவள் கைப்பிடியில் தொங்கிய பட்டைக்குள் கீழிருந்து கையை நுழைத்து, கம்பை ஓரடி முன்னால் ஊன்றி, அதன்மேல் பாரத்தைக் கொடுத்துக் காலை வைத்தாள். முட்டி தாங்கியது. அடுத்த அடி. அதற்கடுத்தது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தோன்றியதால் பார்க்கவில்லை.

வேன் அருகே பானுப்ரியா போனை எடுத்து அவள் பெயரைச் சேர்த்தாள்.

"அங்கிள் பேரையும் போட்டுரவா ஆன்ட்டி?"

"அவரு இன்னும் இறங்கலையே. இறங்கட்டும், பாப்போம்."

சொல்லிவிட்டாளே தவிர, வேனில் உட்காரவில்லை. மேலே வளைவில் வீரமலை, எதையோ தொலைத்துத் தேடுகிறவரைப் போலக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். அவள் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.