நாலு மாடி ஏறுகிறவள்

அம்மாவின் சிரிப்பு விற்கும் என்று அவளுக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

வீட்டில் முதல் பட்டதாரி அவள். சொந்தக்காரர்கள் பெயர் சொல்வதை விட்டுவிட்டு 'டிகிரி' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வேலையில்லாமல் இரண்டாவது வருடம் ஓடியபோது அது பாராட்டா, குத்தலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்த எரிச்சலில்தான் இணையத்தில் பொருள் விற்கக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தாள். நடத்துகிறவரை எல்லோரும் கோச் என்றார்கள். கழுத்தில் விசில் ஒன்றுதான் குறை. முதல் பாடம்: பொருளைக் காட்டாதே, முகத்தைக் காட்டு. இரண்டாவது: நன்றாக ஓடுகிற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள், கூச்சப்படாதே.

அவளுக்குக் கிடைத்தது மூட்டுவலித் தைலம். பாட்டிலுக்கு இவ்வளவு என்று கமிஷன். எங்கிருந்தோ எடுத்துப் போட்ட அழகான கிழவிகளின் படங்கள் ஒரு பாட்டிலைக்கூட நகர்த்தவில்லை. வீட்டில் ஒரு முகம் சும்மா இருந்தது.

அம்மா நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பெருக்கித் துடைக்கிறவள். அங்கே லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு. வாளியோடு வருகிறவர்களுக்குப் படிக்கட்டு. முட்டி தேய்ந்துபோய் அவள் ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த சூப்பர்வைசர், மனமிரங்கித் தரைத்தளத்தை மட்டும் கொடுத்திருந்தார்.

மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்ததும் அம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டிலை எந்தக் கையில் பிடிக்கணும் என்றுதான் கேட்டாள். மகளுக்கு வேலையே கிடைத்துவிட்டது போல அம்மா சிரித்தாள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"முன்னாடி ஒரு படி ஏற முடியாது. இப்ப நாலு மாடி ஏறி இறங்குறேன். மூச்சுகூட வாங்கல."

இருபது நொடி. விளம்பரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. முதல் கமிஷனில் அம்மாவுக்கு ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வாங்கினாள். தைலத்தில் இரண்டு பாட்டில் வீட்டிலும் தீர்ந்தது. முட்டி வீங்கினது வீங்கினபடியே இருந்தது.

மூன்றாவது வாரம் முகம் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள்: எங்கம்மா படுத்தே கிடக்கிறாங்க, உங்கம்மா மாதிரி நடந்துடுவாங்களா? டிகிரி நான்கு முறை பதில் அடித்தாள், நான்கு முறையும் அழித்தாள். அன்றைக்கே விளம்பரத்தையும் எடுத்துவிட்டாள்.

ஆனால் வகுப்பில் இருந்த மற்றவர்கள் இரண்டாவது பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தார்கள். அவர்கள் எடுத்துப் போட்ட விளம்பரங்களில் அம்மா இப்போது முட்டிப்பட்டை விற்றாள். சர்க்கரைக்குப் பொடி விற்றாள். ஒன்றில் அவள் ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னொன்றில் ஐந்து பேரக்குழந்தைகளுக்குப் பாட்டி. குரல் மட்டும் எல்லாவற்றிலும் அதே குரல்.

சூப்பர்வைசரும் பார்த்தார்.

"ஏங்க்கா, இங்க நொண்டுறீங்க, அங்க நாலு மாடி ஏறுறீங்க. என்னைப் பாத்தா கேனையன் மாதிரி தெரியுதா?"

மறுநாளிலிருந்து மேல்தளங்கள் அம்மாவுக்கு. பொய் என்று சொன்னால் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாளே என்று அம்மா வாயைத் திறக்கவில்லை.

டிகிரி நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். நான்தான் எடுத்தேன், அத்தனையும் பொய் என்றாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, அந்த விளம்பரத்தை இல்லாமல் ஆக்கிவிட்டு வா, அன்றைக்கே கீழ்த்தளம் தருகிறேன் என்றார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கோச்சைக் கூப்பிட்டால் அவர் வாழ்த்துச் சொன்னார். உங்கம்மாதான் இப்போது என் ஏழாவது பாடம் என்றார். கூடப் படித்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினாள். ஒரு பையன் மட்டும் பதில் போட்டான்: "அவங்க உங்கம்மாவா? நடிகைன்னு நெனச்சேன். நல்லா ஓடுதுக்கா, இந்த மாசம் மட்டும் விட்டுடுங்க." புகார் கொடுத்து ஒன்றை இறக்கினால் வேறு பெயரில் இரண்டு முளைத்தன.

விளம்பரத்தில் வருகிற தன்னையே அம்மா 'அவ' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அவ இன்னிக்கு பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரி போன்ல வந்தா, என்பாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு வலியே இல்லடி. முகத்தப் பாத்தாலே தெரியுது."

மறுநாள் காலையிலிருந்து வாளி தூக்க மகளும் கூடப் போனாள்.

அவள் வாளியோடு முன்னால் ஏற, அம்மா கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே படியில் வைத்து வைத்துப் பின்னால் வந்தாள். நாலாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. கால் வீங்கிய ஒரு பெரியம்மா, கையில் அதே தைலம். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்க்கணும் என்று கேட்டார்.

"அது பொய்ங்க," என்றாள் டிகிரி. "நான்தான் சொல்ல வெச்சேன். அதை நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க."

பெரியம்மா இவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா பொய்? நாலாவது மாடியிலதானே நிக்கிறாங்க?"

அம்மா சுவரில் சாய்ந்து மெல்லப் படியில் உட்கார்ந்தாள். துணியை ஒதுக்கி முட்டியைக் காட்டினாள். பளபளவென்று வீங்கி, அது யாரோ வேறொருத்தியின் முட்டி போல இருந்தது.

பெரியம்மா குனிந்து பார்த்தார். "அப்புறம் எப்படி ஏறுனீங்க?"

"ஏறச் சொன்னாங்க. ஏறுனேன்."

பெரியம்மா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், மறுபடி முட்டியைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்வது போல, தைலம் இல்லன்னா இவ்வளவு தூரம்கூட வந்திருக்க முடியாதுல்ல என்றார். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

உள்ளே போன் பேச ஆரம்பித்தது. முன்னாடி ஒரு படி ஏற முடியாது. இப்ப நாலு மாடி ஏறி இறங்குறேன்.

டிகிரி கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். மற்ற கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போனில் பேசுகிறவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, சத்தம் வராமல் மூச்சு வாங்கினாள்.