எங்க வீடா, நம்ம வீடா

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. விடியலில் தொடங்கிய தூறல் இன்னும் விட்டபாடில்லை. மாநகராட்சி வீட்டுவசதிப் பிரிவின் ஆய்வாளர் நான்கு மாடி ஏறிவந்து, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வணக்கம் சொல்வதற்கு முன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். எல்லாம் கலந்து கிடந்தன.

தன்னுடையதையும் மகள்களுடையதையும் தனியே வைக்க மறந்தது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. கணவன் இறந்தபின் இரண்டு மகள்களோடு அவள் அண்ணன் வீட்டின் பின்னறையில் ஒண்டியிருந்தாள். கட்டப்படும் அரசு வீடுகள் குறைவு, கேட்பவர் அதிகம். காத்திருப்போர் பட்டியலில் அவள் ஆறு ஆண்டுகளாக இலவு காத்த கிளி. தங்க இடம் கொடுத்தவரே வெளியேறச் சொன்னால் பெயர் மேலே ஏறும் என்பது விதி. ஆகவே அண்ணன் வெளியேறச் சொல்ல வேண்டும்.

"சும்மா வாய் வார்த்தைதானேம்மா," என்று பேருந்து ஓட்டும் அண்ணன் நேற்றுச் சிரித்தான். அவனை அவள் நம்பினாள். நம்பாதது அண்ணியை. இந்த நாடகத்தில் அண்ணி மட்டும் நடிக்காமல் நிஜமாகவே போகச் சொல்லிவிடுவாள் என்பது அவள் சந்தேகம். சமையலறையில் ஒரு பாத்திரம் சற்று உரக்க வைக்கப்பட்டாலும் அது தனக்கான செய்தி என்றே அவள் கொள்வது வழக்கம்.

ஆய்வாளர் பின்னறையை எட்டிப் பார்த்தார். சுவரோரம் தையல் மிஷின். அருகில் மடித்த மெத்தைகள்.

"சண்டை போடுற வீட்டுல இவ்வளவு ஒழுங்கு இருக்காதே," என்றார்.

"சண்டை போட இடம் வேணுமே சார்," என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. "நேத்து ஒரு வீட்டுல, தம்பியைத் துரத்திட்டேன்னு ஒருத்தர் அழுதாரு. அந்தத் தம்பி குளியலறையிலிருந்து துண்டு கேக்கறான்." அண்ணனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"விருந்தும் மருந்தும் மூணு நாள் சார். இது ஆறு வருஷம். மிஷின் சத்தத்துல தூக்கமில்ல. தூங்காம வண்டி ஓட்ட முடியுமா? எங்க வீட்டுல எனக்கே உக்கார இடமில்ல."

பேசிவைத்தது இட நெருக்கடியை மட்டுமே. மிஷின் அதில் இல்லை.

"எப்பப் போகணும்?"

"இந்த மாசக் கடைசி."

தேதியையும் யாரும் பேசிவைக்கவில்லை. அண்ணன் யோசிக்கவும் இல்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அண்ணி ஈரக் கையைத் துடைத்தாள். "நம்ம வீட்டுல இடமிருந்தா யாரு சார் போகச் சொல்லுவா?"

பேனா நின்றது. "நம்ம வீடு," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "துரத்துறவங்க எங்க வீடுன்னுதாம்மா சொல்லுவாங்க. நம்மன்னா இவங்களும் சேர்த்தி."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அண்ணியுடையது; கெடவிருந்தது தையல்காரியின் வீடு.

"எங்க வீடு சார், எங்க வீடு," என்று அண்ணன் திருத்தினான். அவன் ஒருமுறைகூட இடறவில்லை என்பதைத் தையல்காரி அப்போதுதான் கவனித்தாள்.

ஆய்வாளர் பேனாவைத் திருகி மூடத் தொடங்கினார்.

"வேத்து ஆள் முன்னாடி அண்ணி அப்படித்தான் பேசுவாங்க சார்," என்றாள் தையல்காரி. குரல் அவளுக்கே பிடிபடவில்லை. "நீங்க போனதும் பாருங்க. எம்புள்ளைங்க தட்டுல வைக்கிறப்ப ஒவ்வொரு கரண்டியா எண்ணுவாங்க."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மறுக்க ஒரு சொல் போதும்.

"ஆமா சார். எண்ணுவேன்," என்றாள்.

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியை மீண்டும் கழற்றினார். முதல் முன்னுரிமை, மாத இறுதிக்குள் வெளியேற வேண்டும், வீடு ஒதுக்கும்வரை தற்காலிக விடுதி. வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதிக் கையெழுத்திட்டு, தாளைக் கிழித்தார். அண்ணனின் கை முன்னே வந்தது.

"உங்களுக்கு இல்ல சார்," என்று அவனைத் தாண்டி, அதைத் தையல்காரியின் கையில் கொடுத்தார்.