வராலுக்கு மீல்மேக்கர்

எங்கள் தென்னந்தோப்புக்கு நடுவில் சொந்தக் குளம் ஒன்று உண்டு. அது நிறைய ஜிலேபி மீன். நாங்கள் சைவம், பிடிக்கவும் மாட்டோம், பிடிக்க ஆளை விடவும் மாட்டோம். தினமும் காலையில் என் மனைவி சிவப்ரியா படியில் உட்கார்ந்து தண்ணீரைக் கையால் தட்டி, "வாங்க மக்கா" என்பாள். மீன்களெல்லாம் வந்து வாயைப் பிளக்கும். சோறு போடுவாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி.

இந்த வெயிலில் மீன்கள் சாகத் தொடங்கின. தலை பெரிதாகவும் உடம்பு சூம்பியும் விடியற்காலையில் மிதந்தன. ஒவ்வொன்றையும் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. தக்கலையில் மீன்குஞ்சு விற்கும் ஜெரிஷைக் கூட்டி வந்தேன்.

"நோய் ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. பெத்துப் பெருகிப் போச்சு. குஞ்சைத் தின்ன குளத்துல ஆளில்ல. கொஞ்சம் வரால் விடணும்" என்றான்.

"அது இதுகளைக் கொல்லுமா?" என்று கேட்டாள் ப்ரியா.

"குஞ்சைத் தின்னும், மைனி. மிச்சமுள்ளது பொழைச்சுக்கிடும்."

அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் வரால்களை விட்டோம்.

அப்புறமும் மீன்கள் செத்தன. ஒரு நாள் பார்த்தால், அல்லி இலைக்குக் கீழே வரால் பதுங்கும் இடத்தில் என்னத்தையோ அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வேகவைத்த மீல்மேக்கர்!

"வயிறு நெறைஞ்சா அது ஏன் பிள்ளையளைத் தொடப் போவுது?" என்றாள்.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வரால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்றதெல்லாம் ஜிலேபி. தின்று இன்னும் பெருகியது. மிச்சம் அடியில் அழுகி நாறியது. அடுத்த வாரம் ஒரு காலையில் கரையோரம் மீன்கள் வெள்ளையாகச் செத்து ஒதுங்கிக் கிடந்தன. மண்வெட்டி எடுத்து ஒரே குழியாக வெட்டி மூடினோம்.

"நான் போட்டதாலதானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமாட்டி" என்றேன்.

மறுநாள் வெறுங்கையோடு படிக்குப் போனாள். அவள் காலடி கேட்டு மீன்கள் கூடின. அல்லிக்கு அடியிலிருந்து கருப்பாக ஒன்று பாய்ந்தது. ஒரு குஞ்சைக் காணோம். ப்ரியா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தேளா? நான் வந்ததாலதானே அதுக இங்க வந்துது?"

"அப்போ இனி நீ வராண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இனி குளத்துப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலையில் எனக்கு முன்பே படியில் இருந்தாள். கையில் சோறு இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மிச்சமுள்ளதாவது பொழைக்கணும்லா" என்றாள்.

பிறகு குனிந்து, தண்ணீரைக் கையால் தட்டினாள்.

"வாங்க மக்கா."

வந்தன. அல்லி இலை அசைந்தது. அவள் கண்ணை மூடவில்லை. நான்தான் மூடிக்கொண்டேன்.