மூலத்தில் உள்ளபடி

மனிதன் தனியே பிறக்கிறான், தனியே இறக்கிறான். இடைப்பட்ட காலத்தில் அவனுக்கு நிழல் தந்து, கனி தந்து, காத்து நிற்பது சமூகம் என்னும் மாபெரும் மறமே.

"மரமே," என்றார் புள்ளிக்காரர். "சின்ன ர. மூலத்துல எப்படி இருக்கு?"

"மூலத்துலயே பெரிய ற-தாங்க. சங்கத் தலைவர் கைப்பட எழுதினது," என்றாள் மனைவி. "மறம்னா என்ன அர்த்தம்?"

"வீரம். கொடுமைன்னும் சொல்லலாம்."

"அப்ப தெரிஞ்சுதான் எழுதியிருப்பார்."

புள்ளிக்காரர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு சுழி சுழித்து, ஓரத்தில் 'ர' போட்டார்.

அந்த முன்னுரையை அவர்கள் வாசிப்பது மூன்றாம் தடவை. இரண்டு தடவை வாசித்தாலே போதுமானது. ஆனால் முன்னுரையை முடித்தால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். புத்தகத்தில் மற்றப் பக்கங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அந்த ஒரு பக்கம் மட்டும் நான்கு நாட்களாக மேசை ஓரத்தில், மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் கிடந்தது.

அச்சகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார் என்பதால் தெருவில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். அந்த வழியில் அவள் புள்ளிக்காரம்மா. முப்பத்தொரு வருடங்களாக அவள் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பாள், அவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே போவார். சொல்லை மட்டுமல்ல, கால்புள்ளியையும் மேற்கோள் குறியையும்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிவிட்டது. "சாப்பாடு ஆறுது கால்புள்ளி வாங்க முற்றுப்புள்ளி" என்று அவள் கூப்பிட்டதை மகள் சின்னவளாக இருந்தபோது தெரு முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறாள்.

அந்த மகள்தான் இப்போது வீட்டில் பேசக்கூடாத பேச்சு.

ஆறு வருடங்களுக்கு முன் சாதிச் சங்கத்துக்கு வெளியே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் நம்மவன் இல்லை. "எனக்குப் பொண்ணே பிறக்கல" என்று அன்றைக்குச் சங்க மண்டபத்தில், நாலு பேர் முன்னால் புள்ளிக்காரர் சொன்னார். சொல்லச் சொன்னது தலைவர். அதன்பிறகு அவர் மகளின் நான்கெழுத்துப் பெயரை உச்சரித்ததில்லை. மனைவியும் அவர் காதுபடச் சொன்னதில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு முட்டி வலிக்கும். மருந்தகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, மருந்தக வாசலில் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்காமல் வந்து சேருவாள். "வலி எப்படி இருக்கு?" என்று அவரும் கேட்பார். "நல்லா வளந்திருக்குங்க" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

புத்தகத்தின் பெயர் 'நாம் ஓர் குடும்பம்.' சங்கத்தின் ஆயிரத்து நூறு வீடுகளையும், வீட்டுக்கு ஒரு பக்கமாக, பெயர் பெயராகச் சொல்லும் புத்தகம். "உயிரெழுத்துக்கு முன்னாலதாங்க 'ஓர்' வரும். 'ஒரு குடும்பம்'தான் சரி" என்று புள்ளிக்காரர் தலைவரிடம் பணிவாகச் சொன்னார். தலைவர் குழாய்க்கடை வைத்திருப்பவர். "ஒருங்கிறது சில்லறையா இருக்கு புள்ளி. ஓர்னாத்தான் ஒரு கெத்து" என்று முடித்துவிட்டார். முன்னுரை பதின்மூன்று பக்கம். அதில் தலைவரின் படங்கள் பதினொன்று.

போன வியாழக்கிழமை மகள் கேட்டாள். "என் பேரு வருதாம்மா?"

"நான் இன்னும் பாக்கலடி."

"வராட்டி போகுது. நான் என்ன புத்தகத்துலயா குடியிருக்கேன்?" பேத்தியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். போகிறவள், நாலடி நடந்து திரும்பி வந்தாள். "நம்ம வீடு எத்தனாம் பக்கம்மா?"



முன்னுரை முடிந்தது. வேறு வழியில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நகர்த்தி அச்சுப்படியை எடுத்தார். அவள் கையெழுத்துப் படியை எடுத்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் நிரப்பித் தந்த படிவம்தான் அந்தக் கையெழுத்துப் படி. தங்கள் வீட்டுப் படிவத்தை அவர் எப்போது நிரப்பினார், எப்போது கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. இப்போதுதான் பார்க்கிறாள். கணவர் பெயர், மனைவி பெயர். மூன்றாவது வரி, மக்கள்.

அதற்கு நேரே மகளின் பெயர் இருந்தது. நான்கு எழுத்துகள். அவருடைய கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்த அன்று எழுதியதுபோல, ஒவ்வொரு எழுத்தும் உட்கார்ந்து எழுதியது. அதன் குறுக்கே, அதிகாரிகள் போடுகிற பச்சை மையில், தலைவர் ஒரு கோடு கிழித்திருந்தார். கோட்டுக்கு மேலே அவர் கையால், 'மக்கட்பேரு இல்லை.'

மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்து நாலாவதாகப் பெற்றவள் அவள். பேறு இல்லை என்று ஒருவன் பச்சை மையில் எழுதுகிறான். அதிலும் எழுத்துப்பிழை.

"வாசி," என்றார்.

அவர் பெயரை வாசித்தாள். கால்புள்ளி சொன்னாள். தன் பெயரை வாசித்தாள். முற்றுப்புள்ளி. "மக்கள் முக்காற்புள்ளி" என்றாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

அவள் கோட்டுக்கு அடியில் இருந்த பெயரை வாசித்தாள்.

அவருடைய விரல் அச்சுப்படியில் நின்றுவிட்டது. அச்சுக் கோத்தவர்கள் தலைவரின் பச்சை மையைப் பிழையோடு அப்படியே கோத்திருந்தார்கள். விரல் நின்ற இடத்தில் 'மக்கட்பேரு இல்லை' என்று இருந்தது. காதில் விழுந்ததோ வேறு.

"மூலத்துல அப்படித்தான் இருக்கா?" தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மூலத்துல அப்படித்தான் இருக்குங்க."

"சரியாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு சொற்களையும் அடித்து, ஓரத்தில் நான்கெழுத்தை எழுதினார். கடைசி எழுத்தின் புள்ளி தள்ளி விழுந்தது. அதை அடித்து, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தார்.

"முடிஞ்சுது. கட்டிடு," என்றார்.

புத்தகம் வெளியானது. மேடையில் தலைவர் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஒன்பது நாட்கள் ஒரு வம்பும் இல்லை. ஏனென்றால் வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காத கண் உலகத்தில் உண்டா? பத்தாம் நாள் இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்துக்காரி இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தாள்.

அன்று மாலையே தலைவர் இவர்கள் வீட்டுக்கு வந்தார். போட்ட நாற்காலியில் உட்காரவில்லை.

"என்ன புள்ளி, எனக்கு நீ செய்ற மரியாதையா இது? ஓடிப்போனவ பேரைப் புத்தகத்துல ஏத்திருக்க. நாளைக்கு எல்லா வீட்டுலயும் கேப்பான், அவன் பொண்ணுக்கு ஒரு நியாயம் எங்க பொண்ணுக்கு ஒரு நியாயமான்னு."

"மூலத்துல உள்ளபடிதாங்கய்யா..."

"மூலத்துல நான் அடிச்சிருந்தேனே! பச்சை மையில! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"வாசிச்சது நான்," என்றாள் புள்ளிக்காரம்மா.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவள் குரலை இப்போதுதான் கேட்கிறார்.

"அடிச்சது தெரிஞ்சுதுங்க. அடியில இருந்ததும் தெரிஞ்சுது. ரெண்டுல எதுல எழுத்துப்பிழை இல்லையோ அதை வாசிச்சேன்."

தலைவருக்கு அது புரியவில்லை. புரியாதது நல்லதாயிற்று, புரிந்திருந்தால் அப்போதே வெளியே போகச் சொல்லியிருப்பார். இப்போது ஒரு வழி வைத்தார். "இந்த வீடு சங்கத்து வீடு. சங்கத்து ஆளுங்க இருக்கிறதுக்கு. புத்தகத்துக்குள்ள ஒரு திருத்தச் சீட்டு வைக்கணும். அதை நீயே எழுதிக் குடு புள்ளி. முடியாதுன்னா மாசக் கடைசியில சாவியைக் குடு. அவ்வளவுதான்."

அவர் போன பிறகு இருவரும் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிக்காரருக்கு வயது அறுபத்தேழு. ஒரு கண்ணில் புரை. "எங்க போவோம்?" என்றார். கேள்விபோலவே இல்லை. மகள் வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். அங்கே போகலாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னாலும், பெண்ணே பிறக்கவில்லை என்றவர் எந்த முகத்தோடு அந்த வாசற்படி ஏறுவார்?

அவர் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். திருத்தச் சீட்டுக்கு ஒரு முறை உண்டு. பிழை ஒரு பக்கம், திருத்தம் ஒரு பக்கம். எது பிழை என்று அச்சிட்டுக் காட்டினால்தான் எதைத் திருத்துகிறோம் என்று தெரியும். பிழை என்பதற்குக் கீழே மகளின் பெயரை எழுதினார். திருத்தம் என்பதற்குக் கீழே 'மக்கட்பேறு இல்லை' என்று எழுதினார். பெரிய ற போட்டார்.

"பொண்ணைப் பிழைன்னு எழுதிட்டீங்களே."

"வாசிக்க வேண்டாம். விடு," என்றார். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

சீட்டின் அச்சுப்படி முதலில் தலைவரிடம் போய், அங்கிருந்து மூன்றாம் நாள் இவர்களிடம் வந்தது. உள்ளங்கை அகலத் தாள். பழக்கதோஷத்தில் அவள், அவர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அச்சுப்படியையும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க."

"ம்."

"இடத்தை மாத்திப் போட்டிருக்காங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அச்சகத்தில் யாரோ அவசரத்தில் கோத்திருக்க வேண்டும். பக்கம் 212, வரி 3. பிழை: மக்கட்பேறு இல்லை. திருத்தம்: நான்கெழுத்து, தடித்த எழுத்தில்.

சிவப்புப் பேனாவுக்குக் கை போனது. முப்பத்தொரு வருடத்துக் கை. பேனாவின் மூடியைத் திறந்தும் விட்டார்.

"தலைவர் பாத்துட்டாரா?"

"பாத்துட்டார். கீழ கையெழுத்து இருக்கு."

மூடியைத் திரும்பப் போட்டார். நன்றாக அழுத்திப் போட்டார். "தலைவர் கையெழுத்துப் போட்டு இறக்கின தாள்ல கை வைக்கிற வழக்கம் நம்ம தொழில்ல இல்ல," என்றார். "அப்படியே அனுப்பிடு." பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு வியாழக்கிழமையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எனக்கும் முட்டி வலிக்குது."

அவள் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி, பரணில் இருந்த காலி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைத்தாள். சாவி கொடுக்க வேண்டிய மாசக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. பாத்திரங்களுக்கு இரண்டு பெட்டி வேண்டும், அகராதிகளுக்கு மூன்று.

கிளம்பும்போது அச்சுப்படியை உறையில் போட எடுத்தவள், பழக்கத்தை விடமுடியாமல் கடைசி வரியையும் வாசித்தாள். தலைவர் கைப்படப் பச்சை மையில் 'சறி, அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெரிய ற.