கரீமா கேட்ட இருமல்

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய அந்தச் சந்தில் லொஞ்சி என்கிற பர்மியக் கைலியை மூட்டித் தர மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரின் தையல் கரீமாவின் தையலைவிட நேராகவே ஓடும். ஆனாலும் துணியெல்லாம் கரீமாவிடம்தான் வந்து குவிந்தது. அவளிடம் கொடுத்தால் மூட்டிய லொஞ்சியோடு ஒரு வாரச் சேதியும் மடித்துக் கையில் கிடைக்கும். எந்த வீட்டில் புருஷன் சோற்றுத் தட்டை வீசினான், எந்த வீட்டு மருமகள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள் என்பதெல்லாம் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே அவளுக்குத் தெரியும். கரீமா லாத்தாவுக்குப் பாம்புக் காது என்று சந்து சொல்லும். அவள் மறுத்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது விதவைக்கு வேறு யார் வந்து பதக்கம் குத்தப் போகிறார்கள்?

அந்தக் காது செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

முதலில் ஒரு வண்டு இரைந்தது. பிறகு ரயில் ஓசை தேய்ந்தது, பாங்கு தேய்ந்தது. கூப்பிடு தூரத்தில் டாக்டர்கள் இருக்க, பஸ் பிடித்து ஓடையைத் தாண்டித் தாகேதாவுக்குப் போய்க் காட்டினாள். அங்கே அவளை அறிந்தவர் யாருமில்லை. டாக்டர் ஒரு படத்தை விரித்தார். காதின் ஆழத்தில் நத்தை ஓடு மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் உண்டாம். சத்தம் வந்தால் அசையுமாம். உதிர்ந்தால் மறுபடி முளைக்காதாம். மிச்சமிருந்த அரைக் காதில் அவர் கத்திச் சொன்னது அவ்வளவுதான். அடுத்த மழைக்குள் அந்த அரையும் போயிற்று.

வெளியே சொல்லியிருக்கலாம். ஆனால் கோடிவீட்டுத் தங்கமணிக்குக் காது மந்தமானபோது அவளுக்கு 'டமாரம்' என்று பேர் வைத்தது யார்? இதே கரீமாதான். தங்கமணி செத்த பிறகும் அவள் மகளை 'டமாரத்து மகள்' என்றே சந்து கூப்பிட்டது. ஆகவே கரீமா உதடுகளைப் படிக்கப் பழகினாள். கொடியில் காயும் துணிகளை எண்ணினாள். யார் கூடையில் எத்தனை முட்டை என்று பார்த்தாள். பலகைத் தரையில் யார் நடந்தாலும் உள்ளங்காலால் கண்டுகொண்டாள். மீதியை இட்டுக்கட்டினாள். சேதி முன்னைவிட ருசியாக இருப்பதாகச் சந்து சொன்னது.

இரண்டாயிரத்து ஏழின் நோன்பு மாதம் அது. பிக்குகளின் ஊர்வலத்தை ராணுவம் சுட்டுக் கலைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊரடங்கு வேறு. வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியின் பேரை வார்டு ஆபீசில் எழுதியாக வேண்டும் என்பது பழைய சட்டம்தான். முன்பெல்லாம் மறந்தால் ஒரு திட்டோடு போகும். இப்போது எழுதாத விருந்தாளி என்றால் ஊர்வலத்திலிருந்து ஓடிவந்து ஒளிந்தவன் என்று அர்த்தம்.

ஒரு முற்பகலில் வார்டு ஆபீஸ் குமாஸ்தா வடிவேல் வந்து தையல் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்தான். எதிர்வீட்டு நூர் பீவியும் இன்னும் இரண்டு பெண்களும் துணியோடு நின்றிருந்தார்கள்.

"கரீமாக்கா, பக்கத்து வீட்ல சுலைமானும் அவன் பொஞ்சாதி அஸ்மாவும் மட்டுந்தானே?"

"வேற யாரு? புள்ளையா குட்டியா?"

"வேத்தாள் சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா? ஒங்க காதுக்குத் தப்பாதுன்னுதான் வார்டு தலைவரு அனுப்புனாரு."

"அவகிட்டயா கேக்குற?" என்றாள் நூர் பீவி. "எறும்பு தும்முனாலும் எந்தப் பக்கத்து மூக்குல தும்முச்சுன்னு சொல்லுவா."

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அதைவிட உண்மையான வாக்கியம் உலகத்தில் இல்லை. ஆனால் மூன்று பெண்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், ஒன்றும் கேட்காத கரீமா என்ன கரீமா? அஸ்மாவின் கொடியில் இரண்டு நாளாகப் புதுக் கட்டம் போட்ட ஆம்பிளை லொஞ்சி ஒன்று காய்ந்தது. அது கரீமா மூட்டியதல்ல. சுலைமான் இடுப்பிலும் அவள் பார்த்ததில்லை. அது யாருடையது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோன்பு வாயோடு சொன்னாள்: "ஒரு ஆம்பள இருமுறான். ரெண்டு நாளா, விடியக்கால சஹர் சோத்துக்கு முன்னாடி. சுலைமான் இருமல் இல்ல. இது நெஞ்சுச்சளி."

அந்த நெஞ்சுச்சளியை அவள் சேர்த்திருக்க வேண்டாம். கைப்பழக்கம், என்ன செய்வது.

அன்று நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஐந்து பேர் பக்கத்து வீட்டைச் சோதனை போட வந்தார்கள். இரண்டு அறை வீட்டில் அஸ்மாவும் சுலைமானும் பேரீச்சம்பழத் தட்டும்தான் இருந்தன. கொடியில் கிடந்த லொஞ்சி யாருடையது என்று கேட்டார்கள். அஸ்மாவின் தம்பி மாஹிர் கியாக்தானிலிருந்து பெருநாளுக்குக் கொடுத்தனுப்பியது, ஒரு தரம் அலசிப் போட்டிருக்கிறது என்றான் சுலைமான். ஒளிந்தவனை எங்கே அனுப்பினாய் என்று அறைந்தார்கள். சுலைமானின் உதடுகளைக் கரீமா தன் வாசலில் நின்று படித்தாள். யாரும் வரல, அல்லா மேல ஆணையா யாரும் வரல. வண்டி ஏறும்வரை அதையேதான் சொன்னான்.

இல்லாத ஆளை அவன் எங்கே போய்த் தேடிக் கொண்டுவந்து ஒப்படைப்பான்? ஒப்படைக்கும்வரை விடமாட்டார்கள். அவனை மீட்க ஒரே வழி, கரீமா தன் காதைக் காட்டிக்கொடுப்பது. அதற்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் வார்டு ஆபீசுக்குப் போனாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நின்றாள்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. ஒன்றரை வருஷமா சுத்தமா கேக்காது. இருமல் நான் புளுகினது."

வடிவேல் சிரித்தான். "கேக்காமயா நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்றீங்க?"

"ஒன் வாயப் பாத்துச் சொல்றேன்."

"அஸ்மா வந்து அழுதாளாக்கும்?"

அவன் பர்மிய மொழியில் தலைவரிடம் சொன்னான். தலைவர் அவளைச் சுவர் பார்த்து நிற்கச் சொன்னார். பின்னால் என்ன நடந்ததோ, அவளுக்குத் தெரியாது. பலகைத் தரை மட்டும் வெறுங்காலுக்கடியில் அதிர்ந்தது. ஒன்றரை வருடப் பழக்கம், யோசிக்குமுன் உடம்பு திரும்பிவிட்டது. குடும்பப் பதிவேட்டைத் தரையில் போட்ட கையோடு தலைவர் நின்றுகொண்டிருந்தார். எல்லார் வாயும் சிரிப்பில் திறந்து கிடந்தன.

"காலுக்குத் தெரிஞ்சுது தம்பி, கால்ல..."

"வீட்டுக்குப் போங்கக்கா," என்றான் வடிவேல். இப்போது சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் மாத்திப் பேசுனா ஒங்களையும் உக்கார வச்சிருவாங்க."

பெருநாளுக்கு முந்தின நாள் சுலைமான் வந்தான். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். ஒரு பேர் கொடு, விடுகிறோம் என்றிருக்கிறார்கள். அவன் தாங்கிய மட்டும் தாங்கிவிட்டு, கேட்டவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரே பேரைக் கொடுத்தான். கியாக்தானில் மீன் விற்றுக்கொண்டிருந்த மாஹிரைக் கூடையோடு பிடித்துப் போனார்கள். எந்தச் சிறை என்று சொல்ல யாருமில்லை.

பெருநாள் காலையில் நூர் பீவி சேமியாக் கிண்ணத்தோடு வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"அடியாத்தி, கியாக்தான்காரன் இருமுன இருமல சுவத்துக்கு இந்தப் பக்கம் புடிச்சிருக்கியே! இது காதா, வேற என்னமுமா?"

"யாரும் வரல நூர். நான் புளுகினேன்."

"சுலைமானே ஒத்துக்கிட்டானாம், நீ என்ன இல்லங்குற? பயப்படாத, ஒன் மேல யாருக்கும் கோவமில்ல."

சொல்லிக்கொண்டிருந்த உதடுகள் சட்டென்று நின்றன. அஸ்மா வாசற்படி ஏறி நேராக மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். நிதானமாகத்தான் கேட்டாள், ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெளிவாக இருந்தது.

"லாத்தா, யாரு இருமுனா?"

"யாரும் இருமல அஸ்மா. எனக்குக் காது கேக்காதும்மா."

அஸ்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அந்தச் சந்தில் அதை நம்பக்கூடியவள் அவள் ஒருத்திதான். தன் வீட்டில் யாரும் தங்கவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். நம்பினாள் என்றே தோன்றியது. கண்கள் கரீமாவின் காதுக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்றன. பிறகு அஸ்மா வேண்டுமென்றே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

தோள்கள் மட்டும் அசைந்தன. நீளமாகவே பேசினாள். நூர் பீவியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. ஒருத்தி முக்காட்டை முகத்துக்கு இழுத்தாள். இன்னொருத்தி அழுதாள். கரீமா ஒவ்வொரு முகமாகத் தாவித் தாவிப் பார்த்தாள். அஸ்மா படியிறங்கிப் போய்விட்டாள்.

"நூர், அவ என்ன சொன்னா?"

நூர் பீவி கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏன், ஒனக்கா கேக்கல?"