படையலுக்கு வந்த சீஸ்

லாச்சப்பல் தமிழ்க்கடையில் வாங்கிவந்த வாழையிலையைத் துடைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் பிரசாந்தன் விரித்தான். அவன் மனைவி மெலிசா பையிலிருந்து சீஸை எடுத்தாள். ஒல்லாந்திலிருந்து கொண்டுவந்தது, கல்லுப்போல இறுகி, உள்ளே சீரகம் நிறைந்தது.

அப்பா வரதராசாவுக்கு இன்று எட்டுச் செலவு. இறந்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற சடங்கு. ஆட்டுக்கறி, மீன்பொரியல், ஒரு கிளாஸ் விஸ்கிகூட வந்துவிட்டது.

மகன் ஒல்லாந்துக்காரியைக் கட்டியதில் பூரணிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மூன்று வருடமாக மருமகளுக்குச் சொல்லவேண்டியதையும் மகனிடம்தான் சொல்வாள். வரதராசாவோ மெலிசா கொண்டுவரும் சீஸைப் பாணுக்குள் வைத்துத் தேத்தண்ணியோடு ரசித்துச் சாப்பிடுவார். அதைத் தன் கையால் இலையில் வைக்கவேண்டும் என்றுதான் மெலிசா வந்திருந்தாள். அம்மா விடுவாளா என்று பிரசாந்தன் பூரணியின் முகத்தைப் பார்த்தான்.

"இதுக்கை என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்று கேட்டாள், திரான்சியிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் தங்கை.

பிரசாந்தன் மொழிபெயர்த்துக் கேட்க, மெலிசா பிரெஞ்சில் ஒன்றுவிடாமல் சொன்னாள். பால், உப்பு, சீரகம், பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற சாறு. கேட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிற ஊர்க்காரி. அவள் வாயைப் பொத்தலாம் போலிருந்தது பிரசாந்தனுக்கு.

மாமியின் முகம் கறுத்தது. "ஆட்டுக்கறி வேறை, இது வேறை. மாட்டுச் சாமானைப் படைக்கிறதே? அண்ணை அறியாமச் சாப்பிட்டிட்டார்."

மெலிசா கண் கலங்கச் சீஸைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனாள்.

சோறு படைத்துக்கொண்டிருந்த பூரணி நிமிரவில்லை. "அறியாம இல்லை மச்சாள். முதல் தரம் கொண்டந்த அண்டே நான் போனிலை பாத்து அவருக்குச் சொன்னனான். அப்பிடியெண்டாலும் சாப்பிடாம விடுவார் எண்டு. சிரிச்சுப்போட்டு இன்னொரு துண்டு வெட்டினவர். இண்டைக்கு மட்டும் அவருக்கு விரதமோ?"

மாமி நாடியில் கைவைத்தாள். பூரணி மீன்பொரியலைத் தள்ளி வைத்து, இலையில் இடம் செய்தாள். பிறகு மகனைப் பார்க்காமல், மருமகளையே பார்த்தாள்.

"சின்னனா வெட்டு பிள்ளை. அவருக்குப் பல் ஏலாது."

மொழிபெயர்க்கப் பிரசாந்தன் வாயெடுத்தான். அதற்குள் மெலிசா கத்தியை எடுத்திருந்தாள்.