பங்கிராஸ் உட்கார்ந்த சத்தம்

1929ஆம் வருடம் தை மாதம் ஏலமலைக்கு வேலைக்குப் போன பங்கிராஸ், மலையில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும், கீழே ராயப்பன்பட்டியில் அவன் வீட்டு நாற்காலி கிறீச்சென்றது. அந்த வருடம் கம்பம் பள்ளத்தாக்கில் மழை குறைவு, நெல் சுமார், புளி மட்டும் நல்ல விளைச்சல். நாற்காலி ஈட்டி மரத்தில் செய்தது. பெரியாற்று அணை வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் சாமான்களை மலையிலிருந்து இறக்கிக் கொடுத்த பங்கிராஸின் அப்பாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தெருவில் வேறு நாற்காலி கிடையாது. வீட்டார் யாரும் அதில் உட்காருவதில்லை. இவ்வளவு தரை கிடக்கும்போது நாற்காலியை எதற்குத் தேய்ப்பது என்பது அவர்களுடைய எண்ணம். அதனால் ஆளில்லாத நாற்காலி பட்டப்பகலில் முனகியபோது, பங்கிராஸின் அம்மா ரோசம்மாள் முதலில் எலியைத் திட்டினாள். பிறகு மூட்டுக்கு மூட்டு விளக்கெண்ணெய் விட்டாள். அதற்கும் அடங்காமல் போகவே கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கிவந்து தெளித்தாள். நாற்காலி எண்ணெயையும் தீர்த்தத்தையும் குடித்துவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு முனகியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மருமகள் பிலோமினா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையாத பெண், புருஷன் நினைப்பாகவே இருந்ததால் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. பாஸ்காத் திருநாளான ஈஸ்டருக்கு ஊருக்கு வந்த பங்கிராஸிடம், மலையில் எந்நேரம் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மத்தியானக் கொம்பு ஊதியதும் கஞ்சிக்கு உட்காருவான், வெயில் தாழ்ந்தபின் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பான். இரண்டும் நாற்காலியோடு ஒத்துப்போயின. மாசியில் ஒரு நாள் முழுக்க நாற்காலி விடாமல் அனத்தியதே, அன்றைக்கு என்ன என்று கேட்டாள். குளிர்காய்ச்சல், உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை என்றான். அதன்பிறகு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் நாற்காலி சத்தம் கொடுத்ததும் மாமியாரும் மருமகளும் தங்கள் கஞ்சியைக் கரைத்துக்கொள்வார்கள். ராயப்பன்பட்டியில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முதல் இரண்டு வருடங்கள் பங்கிராஸ் திருநாள்களுக்கு ஒழுங்காக வந்து போனான். 1931க்குப் பிறகு வரவில்லை. வண்டன்மேட்டுக்கும் அப்பால், ஊர்க்காரர் யாரும் வேலை பார்க்காத ஒரு தோட்டத்துக்கு மாறிவிட்டான் என்று கேள்வி. அவனுக்கு எழுதத் தெரியாது, சொல்லியனுப்ப ஆளும் இல்லை. மலைக்காய்ச்சல் அந்தப் பக்கத்து லயங்களை வருடந்தோறும் காலி செய்துகொண்டிருந்தது. பிலோமினாவுக்குப் புருஷனைப் பற்றி இருந்த ஒரே தகவல் அந்தக் கிறீச்சுதான். அது அவளுக்குப் போதவும் இல்லை, அது இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. களையெடுக்கப் போகிற இடத்திலிருந்து அவள் உச்சிவேளைக்குள் வீட்டுக்கு ஓடிவருவதைப் பார்த்துக் கூட வேலை பார்த்த பெண்கள், ‘நாற்காலிக்குக் கஞ்சி ஊத்தப் போறா’ என்று கேலி செய்தார்கள்.

1934ஆம் வருடம் பாஸ்காவுக்கு முந்திய தவசு காலத்தில், சனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்தார். கோயிலில் இருந்த நாற்காலியைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. கோயில்பிள்ளை மரிய ஜோசப், பூசைச் சாமான்களையும் மணியையும் பார்த்துக்கொள்கிறவர், ரோசம்மாளிடம் வந்து நாற்காலியை இரவல் கேட்டார். சாமியாருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா, கொடுத்தார்கள். அந்த வாரம் மலையில் பங்கிராஸுக்கு ஏலச்செடித் தூரில் சருகு ஒதுக்குகிற வேலை. செடிக்குச் செடி குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தான். கீழே கோயிலில், சாமியார் அசையாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருக்க, நாற்காலி அவர் சம்மதமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தது. அடுத்தவன் வயலுக்குப் போகிற தண்ணீரைத் திருப்பியதைச் சொல்லவந்த ஒரு சம்சாரி, சொல்லி முடிக்கும் இடத்தில் கிறீச் சத்தம் கேட்டதும் வெலவெலத்துப்போய், யாரும் கேட்காத வேறு சில பாவங்களையும் கொட்டிவிட்டார். இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. இந்த நாற்காலி ஆட்டம் கண்டுவிட்டது என்று கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. சொம்பு வாங்கினால் ஒரு பிடி தானியமாவது போட்டுக் கொடுப்பார்கள், உப்பாவது போடுவார்கள். நாற்காலியில் எதைப் போடுவது? மரிய ஜோசப் யோசித்தார். மனதில் கள்ளமில்லாத மனிதர், அதுதான் வினையாகிவிட்டது. நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு மூட்டுகளைக் கழற்றிச் சுரண்டினார். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சித் தடவினார். நாலு காலையும் சேர்த்துக் கயிறு சுற்றி, கம்பு கொடுத்து முறுக்கி வெயிலில் காயப்போட்டார். பலகை மரத்தோடு உரசுகிற இடத்திலெல்லாம் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தார். கடைசியாக, பின்னங்கால் பொருத்தில் இருந்த இடைவெளிக்கு வேலங்கட்டையில் ஓர் ஆப்புச் செதுக்கி இறக்கினார். தானே ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். சத்தமே இல்லை. பெருமையோடு தலையில் சுமந்துவந்து ரோசம்மாளிடம் கொடுத்தார்.

அன்று மத்தியானம் நாற்காலி பேசவில்லை. வெயில் தாழ்ந்தும் பேசவில்லை. பிலோமினா நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள், ஆப்பைக் கண்டாள், விளங்கிக்கொண்டாள். விஷயத்தைக் கேள்விப்பட்டு மரிய ஜோசப் பதறியடித்து வந்தார். “நான் நல்லதுதான ஆத்தா செஞ்சேன்? வெறுங்கையோடவா கொண்டாந்து தர? இந்தா, இப்பவே பிடுங்கிர்றேன்” என்று குனிந்தார். பிலோமினா குறுக்கே வந்து நின்றுகொண்டாள். நாள் போகப்போக ரோசம்மாளும் கேட்க ஆரம்பித்தாள்.

“ஏத்தா, அந்த ஆப்பப் பிடுங்கிப் போடு. சத்தம் வந்தா எம் பிள்ள இருக்கான். வரலேன்னா ஆண்டவர்கிட்டப் போயிட்டான். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா அழுதாச்சும் தீப்பேன்ல.”

“வேண்டாம் அத்தே. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

காரணத்தை அவள் சொல்லவில்லை, ஆனால் காரணம் எளிமையானது. ஆப்பு இருக்கும்வரை நாற்காலி பேசாததற்கு ஆப்பைக் குற்றம் சொல்லலாம். பிடுங்கியபிறகும் பேசாவிட்டால் யாரைச் சொல்வது? அந்தப் பயத்தில் அவள் சரியாகத் தூங்கவில்லை. வீட்டைவிட்டுப் போகும்போதெல்லாம், மாமியார் கை வைத்துவிடக்கூடாதென்று நாற்காலியைப் பரண்மேல் ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். ரோசம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாமியார் அடுத்தமுறை வரும்போது மகனுக்குத் துக்கப் பூசை வைத்துவிடுவதென்று கோயில்பிள்ளையிடம் சொல்லிவைத்தாள். பூசை வைத்துவிட்டால் பிலோமினா தாலியைக் கழற்றவேண்டியதுதான்.

பூசைக்கு முன்பே, ஆடி மாதம், பங்கிராஸ் வந்து சேர்ந்தான். வாசலில் விறைப்பாக நின்றான். குமுளியில் பஸ் இருந்தும் ஏற முடியவில்லையாம், கூரை தாழ்வு, நின்றுவர இடமில்லை. மலையிலிருந்து முழுத் தூரத்தையும் நடந்தே வந்திருந்தான். ரோசம்மாள் கன்னத்தைத் தடவித் தடவி அழுதுவிட்டு, “உக்காருய்யா” என்றாள்.

“முடியலம்மா. தவசுலருந்து முட்டி மடங்க மாட்டேங்குது. படுக்க முடியுது, நிக்க முடியுது, உக்கார வரல. மலையாளத்து வைத்தியரு குழம்புத் தைலம் தேச்சுப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. உக்காராம ஏலத்துல என்ன வேல இருக்கு? காயெல்லாம் செடித் தூர்லல்ல கெடக்கு. போயிட்டு வான்னுட்டாக.”

அவனைப் பார்த்தால் அழுவோம் என்றுதான் பிலோமினா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். வந்தது ஆத்திரம். முட்டி மடங்காமல் போனதால் வந்திருக்கிறான், மடங்கியிருந்தால் வந்திருக்க மாட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, “இந்தா அந்தான்னு நாள் ஓடிப்போச்சு” என்றான். அவள் உள்ளே போய் நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி, ஆப்பைத் தட்டிப் பிடுங்கினாள். வாசலில் பங்கிராஸ் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சென்றது. ரோசம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். பிலோமினா அவன் வயிறாரச் சாப்பிட்டுக் கைகழுவும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஆப்பைப் பொருத்தில் வைத்து அடித்தாள், அவன் எழுந்து நின்றான்.

அன்றுமுதல் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு வேளைக்கு ஆப்பைக் கழற்றுவாள், சாப்பிட்டதும் அடித்துவிடுவாள். ஆரம்பத்தில் பங்கிராஸ் முரண்டு பிடித்தான். சாமியாரிடம் சொல்லப்போவதாக மிரட்டினான். “உக்கார விட்டா எங்க போயி உக்காருவீகளோ” என்றாள் அவள். நின்று செய்கிற வேலைகளில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லாமல் போனது. ஏர் உழுதான், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினான், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறினான். பிரசங்கத்தின்போது சனங்களெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் வாசலோரம் நின்று கேட்டான். ரோசம்மாள் 1936இல் மகன் தன் தலைமாட்டில் நிற்க நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

1938 ஐப்பசியில், ஏலத்தோட்டத்துக் கங்காணி ஒச்சாண்டி ஆள்பிடிக்க வந்தான். பங்கிராஸ் அப்போது மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நாற்காலி ஆப்பில்லாமல் நின்றது. ஒச்சாண்டி வாசற்படியில் சாய்ந்தபடி, தோட்டத்தில் ஓட்டு லயம் கட்டியிருப்பதையும், பழைய ஆட்களைத் துரை பெயர் சொல்லி விசாரிப்பதையும், இந்த வருடம் காய் கொத்துக் கொத்தாகப் பிடித்திருப்பதையும் விஸ்தாரமாகச் சொன்னான். பங்கிராஸ் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் உட்கார்ந்த இடத்தில் அசைந்துகொண்டே இருந்தது உள்ளே நாற்காலியில் தெரிந்தது. ஆப்பை இப்போதே அடித்துவிடலாமா என்று பிலோமினாவின் கை பரபரத்தது. பாதிச் சாப்பாட்டில் ஆளை எழுப்ப மனம் வரவில்லை.

அவன் கைகழுவிவிட்டு உள்ளே வந்தான். கொடியில் அவனுடைய மலைக் கம்பளி தொங்கியது. அதைத்தான் எடுக்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் நாற்காலியைக் கவிழ்த்து, ஆப்பைப் பொருத்தில் வைத்து, கொட்டாப்புளி மரச்சுத்தியலால் தலை மறையும்படி ஓங்கி ஓங்கி அடித்தான். பிறகு விறைப்பாக நடந்து வாசலுக்குப் போனான்.

“ஒச்சாண்டியண்ணே, நமக்கு முட்டி மடங்காது. வேற ஆளப் பாருங்க.”

“இப்பத்தானப்பா உக்காந்து தின்னே?”

“அது சோத்துக்கு மட்டுந்தான்.”

ஒச்சாண்டி நாலு ஊர் பழகியவன், மேலே கேட்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போனான். சாயங்காலம் பிலோமினா ஆப்பைக் கழற்றப் பார்த்தாள், அசையவில்லை. கோயில்பிள்ளை வந்து உளியை வைத்துப் பார்த்துவிட்டு, இனி மரத்தைப் பிளந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். ராத்திரி பங்கிராஸ் சுவரோரம் நின்று சாப்பிட்டான். பிலோமினாவும் தன் வட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனுக்கு எதிரில் நின்று சாப்பிட்டாள்.